துரைமாரின் இறகுத் தூண்டில்

இலங்கையில் உடப்புசல்லாவை முதல் நுவரெலியா வரை மலையெல்லாம் தேயிலை பரவி வந்தபோதும் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்கு ஒரு குறை: ஓடைகளில் ட்ரவுட் மீன் இல்லை. 1880களில் அதன் முட்டைகளைக் கப்பலில் தருவித்தார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் சரியாகப் பெருகவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளியில் நிலைத்தது. 1896இல் இதற்கென்று ஒரு மீன்பிடிக் கழகமே தோன்றியது.

புழு கோப்பது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். கொக்கித் தண்டில் இறகை வைத்துப் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றிய பொய்ப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. கனத்த தூண்டில் கயிற்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில்தான் பூச்சியைத் தண்ணீரில் இறக்க வேண்டும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். எனவே ஆள் பின்பக்கமாகத்தான் நெருங்குவார்.

பொய்ப் பூச்சி கட்டப் பேர்போன இறகு, தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. அதன் ஏற்றுமதியை இந்தியா பின்னர் தடைசெய்தது.