ஓட்டோ: ஒன்பது லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

ஓட்டோ என்பது ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டோர்ஃப் (1937–2021) கால் நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்த ஸ்டேஷன் வேகன் வண்டியின் செல்லப்பெயர் ஆகும். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் இந்த நீல நிற வண்டி, 1988ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 300 ஜிடி வகையாகும். இவ்வகை வண்டிகள் 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தயாராகி வருகின்றன.

பயணம்

விமான நிறுவனங்களில் உயர் பதவி வகித்த ஹோல்டோர்ஃப், 1989இல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். ஒன்றரை ஆண்டுப் பயணம் என்பதே திட்டம். அது 2014 வரை நீண்டது. அவருடைய துணைவியார் கிறிஸ்டின் 1990 முதல் உடன் பயணித்தார். விடுதிகளைத் தவிர்த்து, இருவரும் வண்டியிலேயே சமைத்து உண்டு உறங்கினர். 2010இல் கிறிஸ்டின் புற்றுநோயால் காலமானார். அதன் பிறகும் ஹோல்டோர்ஃப் பயணத்தைத் தொடர்ந்தார். மொத்தத்தில் 170க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓட்டோ ஓடியது. கடந்த தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால், இது உலகை 22 முறை சுற்றியதற்குச் சமம். சராசரியாகப் பார்த்தால், 25 ஆண்டுகளும் நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓடியது போலாகும்.

நீண்ட ஆயுளுக்குக் காரணங்கள்

ஓட்டோவில் இருந்தது ஐந்து சிலிண்டர் கொண்ட, 88 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். அளவோடு நோக்க இது வலிமை குறைந்ததே. ஆனால் டர்போவும் மின்னணுக் கட்டுப்பாடும் இல்லாததால், பழுதைக் கண்ணால் பார்த்துக் கைக்கருவிகளால் சரிசெய்ய முடிந்தது. ஹோல்டோர்ஃப் உதிரிப் பாகங்களை வண்டியிலேயே எடுத்துச் சென்றார். பெரும்பாலான பழுதுகளைத் தாமே பார்த்தார். மடகாஸ்கரில் ஒருமுறை கவிழ்ந்த வண்டியும் மீண்டும் ஓடியது. தேயும் பாகங்கள் மாற்றப்பட்டன. எஞ்சின் மட்டும் கடைசி வரை முதலில் வந்ததே.

ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பதைத் தயாரிப்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை. பழுது பார்க்கத்தக்க அமைப்பும், பழுது பார்க்கும் பொறுமையுள்ள உரிமையாளரும் சேர வேண்டும் என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

இன்றைய நிலை

2014 அக்டோபரில் பெர்லினில் பயணம் நிறைவுற்றது. ஓட்டோ பின்னர் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.