தானியங்கிப் பிஸ்டல்: நம்பகத்தின் வரலாறு

தோட்டா வெடிக்கும் வேகத்தையே கொண்டு வெற்று உறையை வெளியே தள்ளி, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியே அரைத் தானியங்கிப் பிஸ்டல். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். அடுத்த அறை சுழன்று வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடைக் கையால் இழுத்துப் பழுதான தோட்டாவை வெளியேற்ற வேண்டும். எந்தக் கம்பெனி பிஸ்டல் சிக்காமல் சுடும் என்ற கேள்வி எழுந்தது இதனால்தான்.

தமிழகத்தில் இவ்வகைத் துப்பாக்கி பேசப்பட்டது 1911 ஜூன் 17க்குப் பிறகு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஆட்சியர் ஆஷை, மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலில் வைத்துச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். பின் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டல்களை லீஜ் நகரை அடுத்த எர்ஸ்டாலில் எஃப்.என். நிறுவனம் தயாரித்தது. அவருடைய 7.65 மி.மீ. தோட்டா வலு குறைந்தது. குழலைப் பூட்டிவைக்கும் பொறி அதற்குத் தேவைப்படவில்லை. உறுப்புகள் குறைந்தால் சிக்கலும் குறையும்.

மணியாச்சிக்கு மூன்று மாதம் முன்புதான், 1911 மார்ச்சில், அமெரிக்க ராணுவம் இரண்டு பிஸ்டல்களை மோதவிட்டிருந்தது. கோல்ட் நிறுவனத்துக்காகப் பிரௌனிங் வடித்தது ஒன்று, சாவேஜ் நிறுவனத்துடையது மற்றொன்று. இரண்டிலும் 6,000 குண்டுகள். சூடேறியதை ஆறவைத்துச் சுட்டார்கள். நசுங்கிய தோட்டா, துரு, சேறு என்று வேண்டுமென்றே வதைத்தும் சுட்டார்கள். சாவேஜ் 37 முறை சிக்கியது, கோல்ட் ஒருமுறைகூட இல்லை. பிஸ்டல் ஒப்பீடுகளில் இதற்கு இணையாக நேர்மையான சோதனைகள் குறைவு. இந்தக் கோல்ட்தான் எம்1911.

1914 ஆகஸ்ட் 26 அன்று வங்கப் புரட்சியாளர்கள் கல்கத்தா ரோடா கம்பெனிச் சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கவர்ந்தனர். மௌசர் தொலைவுக்குச் சுடும். ஆனால் பெரியது, உள்ளமைப்பு நுணுக்கமானது, சட்டைக்குள் மறைக்க ஏற்றதல்ல.

பிரௌனிங் தொடங்கி, அவர் 1926இல் இறந்தபின் எஃப்.என். வடிவமைப்பாளர் சைவ் முடித்த 9 மி.மீ. ஹைபவர், 1935இல் வெளிவந்தது. கனடாவில் இங்கிலிஸ் நிறுவனம் செய்த அதன் வடிவத்தைத் தழுவி, இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை இந்தியப் படைகளுக்கான 1ஏ பிஸ்டலை உருவாக்கியது. தேசியப் பாதுகாப்புப் படை, 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17ஐயும் பயன்படுத்துகிறது.

சாதாரண உரிமதாரருக்கு 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம். அவருக்கு எட்டுவது .32, அதாவது பிரௌனிங்கின் அதே 7.65. உரிமத்தில் தோட்டாவுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆகவே இங்கே ஒருவர் தன் பிஸ்டலை ‘நம்பகமானது’ என்று சொன்னால், பெரும்பாலும் அது சில டஜன் குண்டுகளை வைத்துச் சொல்வது. சிக்கலுக்குக் காரணம் பல வேளைகளில் வளைந்த மேகசின் உதடோ நாள்பட்ட தோட்டாவோதான். பழி மட்டும் கம்பெனிக்குப் போகிறது.