கொங்கு மண்டலத்தில் தோட்டத்து விலைகள்

விளைந்த பொருளையோ வளர்த்த கால்நடையையோ உழவர் முதன்முதலாகக் கைமாற்றும்போது அவர் கையில் வந்து விழும் தொகையே தோட்டத்து விலை. அரசு ஆவணங்களில் இது பண்ணை வாயில் விலை என்று வரும். ஏற்றுக்கூலி, சாக்கு, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எதுவும் சேராத விலை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய சில வட்டங்களையும் கொண்ட கொங்கு மண்டலத்தில் இந்த விலையின் ஏற்ற இறக்கம் மற்ற வட்டாரங்களைவிடக் கடுமையானது. கீழ்பவானி, அமராவதி, பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்கள் எட்டாத இடமெல்லாம் கிணறும் மானாவாரியும்தான். அதனால் இங்கே நெல்லைவிட மஞ்சள், தென்னை, சின்ன வெங்காயம், தக்காளி, மக்காச்சோளம் என்று விற்பனைக்கான பயிர்களே மிகுதி. கூடவே ஆடு, மாடு, கோழி. கொப்பரை, மக்காச்சோளம் போன்ற சிலவற்றுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. மஞ்சளுக்கும் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் முட்டைக்கும் அது கிடையாது.

விற்பனையை முறைப்படுத்தும் முயற்சி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின்கீழ் 1936இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கப்பட்டது. இன்று ஈரோடு, பெருந்துறை, அவல்பூந்துறை, கவுந்தப்பாடி, பொள்ளாச்சி எனப் பல ஊர்களில் இவை உள்ளன. கவுந்தப்பாடியில் ஏலம் போகும் நாட்டுச் சர்க்கரையைப் பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு வாங்குவதால், அங்கே விலை விழாமல் தாங்கிப் பிடிக்க நிலையான ஒரு கை இருக்கிறது. மற்றப் பொருள்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மஞ்சளின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில் தோண்டும் ஒன்பது பத்து மாதப் பயிர் இது. தோண்டிய கிழங்கை வேகவைத்து, காயவைத்து, மெருகு போட்ட பிறகே விற்பனைக்கு வரும். ஏலக்கூடத்தில் ஒவ்வொரு குவியலிலிருந்தும் சாம்பிள் எடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். பட்டென்று ஒடிந்தால் காய்ச்சல் சரி, வளைந்தால் ஈரம். ஒடிந்த முகத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டில் விலையை எழுதிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். பத்து மாத உழைப்புக்கு மதிப்புப் போட அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடமும் ஈரோட்டுக் கணக்கில் மட்டும் நடப்பதில்லை. நிஜாமாபாத், சாங்லி மஞ்சள் சந்தைகளில் அன்றைக்கு எவ்வளவு மூட்டை வரத்து, முன்பேரச் சந்தையில் என்ன விலை என்பதெல்லாம் வியாபாரியின் கைபேசியில் இருக்கிறது.

2010-11இல் ஈரோட்டில் குவிண்டால் மஞ்சள் கிட்டத்தட்ட 17,000 ரூபாய் வரை போனது. அந்த விலையைப் பார்த்து வயலெல்லாம் மஞ்சளாயிற்று. 2012இல் அதே குவிண்டால் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. மஞ்சளைக் காயவைத்துப் பூச்சி படாமல் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கலாம் என்பது அதன் பலம். அந்த ஆண்டுகளில் அதுவே பாரமாகியது. 17,000 ரூபாய்க்குக் கொடுக்காமல் 20,000 வரட்டும் என்று கிட்டங்கியில் அடுக்கியவர்கள், வாடகையும் வட்டியும் கட்டிக் கடைசியில் போட்ட முதலுக்கும் கீழே விற்றார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்பது நியாயமல்ல. விலை எங்கே நிற்கும் என்று சொல்ல அவர்களுக்கு யாரும் இல்லை. பிறகு பல ஆண்டுகள் விலை படுத்தே கிடந்தது. சாகுபடிப் பரப்புச் சுருங்கி, இருப்பும் கரைந்த பிறகு, 2023இன் நடுப்பகுதியில் ஏறத் தொடங்கிய விலை 2024இல் 20,000 ரூபாயைக் கடந்தது. அப்போது விற்க மஞ்சள் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் மரவள்ளிக்கும் வாழைக்கும் மாறிப்போயிருந்தார்கள். 2019இல் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பெருமைக்குரியதே. ஏலச் சீட்டில் எழுதப்படும் விலைக்கு அது இன்னும் தனிக்கூட்டல் தரவில்லை.

தென்னையில் சுழற்சி வேறு மாதிரி. மஞ்சளை ஓர் ஆண்டு நடாமல் விடலாம். மரத்தை அப்படி விட முடியாது. பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பகுதிகளில் வியாபாரியே ஆள் வைத்துக் காய் பறித்து, உரித்து, எண்ணியோ எடை போட்டோ எடுத்துப் போகிறார். பச்சைக்காய்க்கு ஒரு விலை, முற்றி உலர்ந்த கருப்புக்காய்க்கு ஒரு விலை. எண்ணிக்கை முறையில் நூற்றுக்கு இத்தனை என்று லாபக்காய் விலையில்லாமல் தனியாகப் போய்விடும். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது விலைக் குறைப்பாகப் பதிவாவதில்லை. காங்கேயத்துக் களங்களில் காயும் கொப்பரையின் விலைதான் காய் விலையையும் இழுத்துப் போகிறது. 2023இல் அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 10,860 ரூபாய் ஆதரவு விலை இருந்தும், வெளிச்சந்தை அதற்குக் கீழேயே நின்றது. காய் ஒன்று பத்து ரூபாய்க்குக்கூடப் போகாத மாதங்கள் உண்டு. இரண்டே ஆண்டில் நிலை தலைகீழானது. 2025இல் ஆதரவு விலை 11,582 ரூபாய். சந்தையில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டி, ஆதரவு விலையைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லாமல் செய்தது. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்ந்தது ஒரு காரணம். பெரிய காரணம் மரத்தில் காய் இல்லாதது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, கேரள வாடல் நோய், 2024 கோடையின் வறட்சி எல்லாமாகச் சேர்ந்து காய்ப்பைக் குறைத்திருந்தன. காய் விலை மூன்று மடங்கு ஆயிற்று என்று செய்தி வந்த நாளில், நோய் கண்ட மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு அந்த விலையால் என்ன பயன்? விலையையும் வருமானத்தையும் ஒன்றாக எழுதும் வழக்கம் மாற வேண்டும்.

தக்காளிக்கு இருப்பு என்பதே இல்லை. உடுமலைச் சந்தையில் 14 கிலோ பெட்டிக் கணக்கு. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத நாளில் செடியிலேயே விட்டு ஆட்டை மேயவிடுவார்கள். 2023 ஜூலையில் நகரத்தில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும் இதே தக்காளிதான். சின்ன வெங்காயத்தைப் பட்டறை என்னும் சேமிப்பு அமைப்பில் போட்டுச் சில மாதம் காப்பாற்றலாம். அந்தச் சில மாதம் காத்திருக்கக் கையில் காசு உள்ளவருக்கே பட்டறை உதவும்.

முட்டை விலை தினந்தோறும் அறிவிக்கப்படுகிறது. 1982இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்குச் சொல்லும் விலை நாளிதழில் வரும். பண்ணையாளருக்கு அது அப்படியே கிடைப்பதில்லை. வியாபாரி 'மைனஸ்' என்று சில காசுகளைக் கழித்துத்தான் எடுப்பார். கொரோனாவின் தொடக்கத்தில், 2020 மார்ச்சில், முட்டை இரண்டு ரூபாயை ஒட்டி விழுந்தது. 2025இன் இறுதியில் ஆறு ரூபாயைத் தாண்டியது. புரட்டாசியில் இறங்குவதும் வடமாநிலக் குளிரில் ஏறுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. செலவில் பெரும்பங்கு தீவனம். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கிய பிறகு, பல்லடத்து மானாவாரிக் காட்டில் கிடைத்த நல்ல விலை நாமக்கல் பண்ணைக்குச் செலவாக வந்து சேர்ந்தது. கறிக்கோழியில் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சும் தீவனமும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக்கூலி. சந்தையில் கோழி விலை ஏறினாலும் அந்தக் கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை.

பால் விலை அரசாணையால் நகர்வது. ஆவின் கொள்முதலில் பசும்பால் லிட்டர் 2019இல் 32 ரூபாய், 2022 நவம்பரில் 35. 2023 டிசம்பரில் மூன்று ரூபாய் ஊக்கத்தொகையோடு 38. இது கொழுப்பும் இதரச் சத்தும் தரத்தோடு இருந்தால் கிடைக்கும் தொகை.

மாட்டு விலையில் சட்டமும் தேர்தலும்கூடப் புகுந்துகொள்கின்றன. ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை கூடும் சந்தைக்குக் கேரளா, கர்நாடகம், ஆந்திரம் என்று வெளிமாநில வியாபாரிகள் வருகிறார்கள். துண்டை மூடி விரலைப் பிடித்துப் பேசும் விலை அக்கம்பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. 2017 மே மாதம் இறைச்சிக்கான மாட்டு விற்பனையைச் சந்தைகளில் தடுக்கும் விதிகள் வந்தபோது வியாபாரிகள் ஒதுங்கினார்கள். மதுரை உயர்நீதிமன்றக் கிளையும் பின்னர் உச்ச நீதிமன்றமும் அவற்றை நிறுத்திவைத்தன. தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருக்கும் வாரங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுவர ஆவணம் வேண்டும் என்பதால் மறுபடியும் வரத்துக் குறையும்.

எல்லாவற்றையும்விட மாட்டு விலையை ஆள்வது மழை. 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தபோது, கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல் கருகியது. சோளத்தட்டு விலை எகிறியது. தட்டு விலை ஏறினால் மாட்டு விலை இறங்கும். தண்ணீர் காட்ட வழியில்லாமல் கறவை மாடுகளை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். மழை பெய்து புல் தழைத்ததும் அதே குடும்பங்கள் மாடு வாங்கச் சந்தைக்குப் போனபோது, விற்றவர் குறைவு, வாங்க வந்தவர் அதிகம். கொடுத்த விலைக்கு ஒரு கிடாரிக் கன்றுகூடக் கிடைக்கவில்லை.