கோடைக் குட்டையின் இரு நீர்கள்: விருத்தாசலம் வட்டாரச் சிறு மீன்குட்டைகளில் வெப்பமும் காற்றூட்டலும்

கத்திரி வெயில் நாட்களில் விருத்தாசலத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அந்நாட்களில் பத்து சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவரின் அச்சமெல்லாம் நடுப்பகல் வெயிலைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில். அதிலும் கோடை மழை கொட்டிய மறுநாளும், வானம் மூடிக் கிடந்த மறுநாளும்தான் இழப்பு மிகுதி. வெயிலுக்கும் சாவுக்கும் இடையே உள்ள இந்தக் கால இடைவெளியை விளக்காத எந்தப் பராமரிப்பு முறையும் முழுமையாகாது.

சூட்டுக்கு ஆழம், மூச்சுக்கு எந்திரம் என இரண்டையும் தனித்தனியே தீர்க்கும் வழக்கம் இருக்கிறது; ஆனால் இரண்டும் பிணைந்தவை. வெயில் செய்யும் பெரிய கேடு குட்டையை மேல்நீர், அடிநீர் என இரண்டாகப் பிரிப்பது. காற்றூட்டலின் முதல் வேலை அந்தப் பிரிவை நாள்தோறும் கலைப்பது. அதற்கு வேண்டிய கருவியைச் சூளைகள் நிறைந்த இவ்வூரே செய்துகொள்ளலாம். இம்மூன்றையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வரவும் செலவும்

25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த இழப்பு மட்டும் மீனைக் கொன்றுவிடாது. ஆனால் நீர் 10 டிகிரி சூடேறினால் மீனும் சேற்று நுண்ணுயிர்களும் செலவழிக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு சிறிதே குறைய, செலவு இரட்டிக்கிறது. தீவனம் மிஞ்சி அழுகும் குட்டையில் நிலைமை இன்னும் மோசமாகும். பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் மாலையில் காரத்தன்மை ஏறும். அழுகலில் உண்டாகும் அமோனியாவில் நச்சுவடிவத்தின் பங்கும் அதனோடு ஏறும்: 30 டிகிரியில் கார அமில நிலை 8 ஆக இருக்கையில் சுமார் 7 விழுக்காடு. அது 9 ஆகும்போது சுமார் 45 விழுக்காடு.

பிரியும் நீர்

பிற்பகலில் இடுப்பளவு நீரில் இறங்கி நின்றால் போதும். தொடையில் படும் நீர் வெதுவெதுப்பாகவும் பாதத்தில் படும் நீர் சில்லென்றும் இருக்கும். காலைச் சேற்றில் அழுத்தினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். ஆக்சிஜன் எட்டாத அடிநீர் இதுவே.

வெப்பநாட்டில் இந்தப் பிரிவு எளிதில் உறுதிப்படுவதற்குக் காரணம் உண்டு. நீர் 10 டிகிரியிலிருந்து 11 டிகிரிக்கு ஏறும்போது அடர்த்தி குறையும் அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல், 30 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்கு ஏறும்போது குறைகிறது. ஓரிரு டிகிரி வேறுபாடே காற்றில்லாத நாளில் மேல்நீரையும் அடிநீரையும் கலக்கவிடாது. கோடை மழை பெய்து மேல்நீர் குளிர்ந்தால் அது கனத்துக் கீழிறங்கும்; நாட்கணக்கில் தேங்கிய அடிநீர் மேலேறி, இருந்த ஆக்சிஜனையும் தின்றுவிடும். விடியலில் கட்லா வாய் பிளந்து நீர்ப்பரப்புக்கு வருவது அதனால்தான்.

குட்டையை ஆழப்படுத்தினால் அடிநீர் குளிர்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கலக்காத ஆழம் மீனுக்கு நிழலாகாது. மூச்சுவிட முடியாத இடத்தில் மீன் தங்காது.

எந்த நேரத்தில்?

பிற்பகலில் பாசி உண்டாக்கும் ஆக்சிஜன் மேல்நீரில் நிறைந்து, தாங்கும் அளவையும் மீறிக் காற்றில் கலந்து வீணாகிறது. அந்த நேரத்தில் நீரை வாரியிறைப்பது இழப்பைக் கூட்டும். மாறாக, அடிநீரை மெல்ல மேலே தூக்கினால் மேல்நீர் கீழே போகும். அதிலுள்ள ஆக்சிஜன் அடிக்குச் சேமிப்பாகும். நள்ளிரவு தாண்டியதிலிருந்து சூரியன் எழும்வரை நிலைமை வேறு. பாசியும் மூச்சுவிடும் அந்நேரத்தில் எவ்வளவு இறைத்தாலும் நல்லது. இறைக்கையில் நீர் ஆவியாவதும் குட்டையைக் குளிர்விக்க உதவும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே முறையில், ஒரு மீட்டர் ஆழக் குட்டையில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் அது எடுத்துச் செல்லும் வெப்பம் குட்டை முழுவதையும் ஏறத்தாழ 0.6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது.

அடிநீரைக் கலக்கும் இவ்வேலையைக் கோடையின் தொடக்கத்திலிருந்தே அன்றாடம் செய்ய வேண்டும். பல வாரம் தேங்கிய அடிநீரை ஒரே நாளில் கலக்கினால் மழை செய்யும் கேட்டை நாமே செய்தவராவோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. படிப்படியாக விழவைத்த பிறகே அதைக் குட்டையில் விட வேண்டும்.

சூளையின் பங்கு

மின்கம்பி இன்சுலேட்டரும் கொலு பொம்மையும் செய்யும் செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் விருத்தாசலத்தில் உள்ளன. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் காற்றுக்கல் போன்ற நுண்துளைக் கட்டையை அங்கே செய்வதில் புதிர் ஏதுமில்லை. களிமண்ணோடு சலித்த மரத்தூளையோ உமியையோ பிசைந்து சுட்டால், அவை எரிந்து போன இடம் துளையாக நிற்கும். துளை சிறுக்கச் சிறுக்கக் குமிழியும் சிறுக்கும். அதே அளவு காற்றில் குமிழியின் விட்டம் பாதியானால் நீரைத் தொடும் பரப்பு இரு மடங்காகும்.

ஆழமற்ற குட்டையில் குமிழி சில நொடிகளில் மேலே வந்துவிடுகிறது; அதற்குள் கரையும் ஆக்சிஜன் சிறிதே. ஏக்கர் கணக்கான குளங்களில் துடுப்புச்சக்கர ஏரேட்டரே மின்செலவுக்குத் தக்க பயன் தரும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் பத்து சென்ட் குட்டையில் அதே கட்டையை நிறுத்திவைத்த பிவிசி குழாயின் அடியில் பொருத்தினால், எழும் குமிழிகள் அடிநீரையே தூக்கிவரும். நமக்கு முதலில் வேண்டியது இந்த ஏற்றம்தான். பாசி படிந்து துளை அடைத்தால், காற்றூட்டப் பயன்படும் நுண்துளை ரப்பர் குழலைத் தூக்கியெறிய வேண்டியிருக்கும்; சுட்டமண் கட்டையை வெயிலில் உலர்த்தி, மீண்டும் சூளையில் வைத்தால் அடைத்த அழுக்கு எரிந்துவிடும். சூளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊருக்கு இது தனி வசதி.

இதைச் சோதிப்பதும் எளிது. ஒத்த இரு குட்டைகளில் ஒன்றில் மட்டும் கட்டையைப் பொருத்தி, ஒரு கோடை முழுவதும் பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும், மேலேயும் அடியிலேயும் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும். 2012இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகமும் விருத்தாசலத்துப் பயிலகமும் கைகோத்தால் இரு துறைகளின் அறிவும் ஒரே கரையில் சேரும். மேல்நீரில் மட்டும் எடுக்கும் அளவீடு குட்டையின் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீனின் உயிர் தொங்குவது அடியிலுள்ள மறுபாதியில்.