எரிந்த கசினோவும் எரிந்த நூலகமும்

சுவிசுக்கு வந்த புதிதில் நான் கோப்பை கழுவியது ஜெனீவா ஏரிக்கரை மொந்த்ரூவில். 1816இல் கவிஞர் பைரன் இங்குள்ள ஷில்லோன் கோட்டையைப் பார்த்துப் பாடினார். 1861இல் ரயில் வந்தது, உல்லாசப் பயணிகள் பெருகினார்கள். 1967இல் ஜாஸ் விழா தொடங்கியது.

1971 டிசம்பர் 4, இசைக்கச்சேரி நடக்கும்போது ஒருவர் சுட்ட வாணத்தில் கசினோ எரிந்தது. ஒருவரும் சாகவில்லை. 1975இல் திரும்பக் கட்டிவிட்டார்கள். அந்தப் புகையை டீப் பர்ப்பிள் குழு பாட்டாக்கியது, உலகமே அறியும்.

கூட வேலை செய்த சுவிஸ்காரர் இதைப் பெருமையாகச் சொல்வார். 1981இல் எங்கட யாழ் நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைச் சொல்ல அப்போது எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. கட்டிடம் திரும்ப எழுந்தது; ஓலைச்சுவடிகள் வரவில்லை.

இன்று மொழி இருக்கிறது. கேட்க அவர் இல்லை. அதுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.