காளஹஸ்தித் துணியும் கேமராவின் வெள்ளையும்

பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறது குடுபல்லி. கிழக்கே, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட காளஹஸ்தி. ஃபிலிம் காலத்தில் இப்படிப்பட்ட சிற்றூர்களில் எடுத்த கலர் ஃபிலிம் பெரும்பாலும் நகரத்து லேபுக்குப் போய்த்தான் பிரின்ட்டாகத் திரும்பும். மாப்பிள்ளையின் வேட்டி தூய வெள்ளையா, மஞ்சள் ஓடியதா என்று தீர்மானித்தவர் அந்த வேட்டியைக் கண்ணால் பார்த்தே இராத லேப் ஆபரேட்டர். டிஜிட்டல் வந்ததும் அந்த அதிகாரம் படம் எடுப்பவர் கைக்கு வந்துவிட்டது என்பார்கள். அது பாதிதான் உண்மை. லேப் போய்விட்டது, அதன் கணக்கு கேமராவுக்குள் குடியேறிவிட்டது.

அந்தக் கணக்கைப் போட்டவர் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ். ஒரு படத்திலுள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சராசரியாகச் சாம்பல் வரவேண்டும், வராவிட்டால் வரும்படி பிரின்ட்டின் ஒளியை மாற்று என்பதே 1951இல் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம். பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிம் சுமார் 5500 கெல்வினுக்கு அமைந்தது. குண்டு பல்பின் வெளிச்சமோ 3000 கெல்வினை ஒட்டியது. அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஏறும் செம்மஞ்சளை இறக்க எவன்ஸ் வழி நன்றாகவே உதவியது. பல நிறச் சேலைகள் நிறைந்த கல்யாணக் கூட்டப் படத்தில் வெள்ளை எது என்று கேமரா தானே கணிக்கும் இன்றைய ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பிசகாமல் இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். ஆனால் துணியில் கையால் வரையும் காளஹஸ்திக் கலம்காரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் துணியை ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பால் சாயத்தைப் பரவவிடாது, கடுக்காய் இரும்பும் வெல்லமும் புளித்த சாற்றோடு சேர்ந்து கறுப்பாகும். வேலை முடிந்த துணியின் தரை பெரும்பாலும் இளமஞ்சள் கலந்த பழுப்பு. அந்தத் துணி படம் முழுக்க நிறைந்தால், வெளிச்சம்தான் மஞ்சள் என்று கேமரா எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டுகிறது. தரை வெளுக்கிறது, சிவப்பு ஊதாப் பக்கம் சாய்கிறது. லேபில் மஞ்சள், மெஜந்தா, சயான் பொத்தான்களைத் தட்டி இதைச் சரிக்கட்ட ஓர் ஆளாவது இருந்தார்.

நம் கண்ணும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறதே, கேமராவை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். விளக்கடியில் காகிதம் நமக்கு வெள்ளையாகத் தெரிவது உண்மை. ஆனால் கண் சுவரையும் கையையும் சேர்த்தே பார்க்கிறது; துணி மட்டுமே நிறைந்த சட்டத்தில் கேமராவுக்கு அந்தத் துணை கிடையாது. நிறத்தைத் திருத்தாமல் சேமித்த ரா ஃபைல் இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பது இதைவிட வலுவான வாதம். மாற்றலாம்தான், ஆனால் எதை நோக்கி மாற்றுவது? அன்றைய வெளிச்சம் எப்படி இருந்தது என்று ரா ஃபைல் தானாகச் சொல்லாது. அதே வெளிச்சத்தில், துணியின் பக்கத்தில் கிரே கார்டு என்னும் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து எடுத்த படம் சொல்லும். ஒரு நிமிட வேலை. கலம்காரியைப் படத்தில் பார்த்தே வாங்குகிற காலத்தில் அது கட்டாயமான வேலை. கடுக்காயில் ஊறிய தரையின் நிறம் படத்தில் தொலைந்துபோனால், மில் வெள்ளைத் துணியில் அச்சடித்த நகலிலிருந்து கையால் வரைந்ததைப் பிரித்துச் சொல்ல, வாங்குபவரிடம் இருக்கும் சில அடையாளங்களில் ஒன்று போய்விடுகிறது.