கிளிநொச்சி இல்லாத அட்டவணை

1984 பெப்ரவரிக்கு முந்திய அரசாங்கப் புள்ளிவிவரப் புத்தகம் எதைப் புரட்டினாலும் கிளிநொச்சி என்றொரு மாவட்டத்தைக் காணமுடியாது. ஊர் இருந்தது. 1902இல் தொடங்கி 1920 அளவில் கட்டிமுடித்த இரணைமடுக் குளம் இருந்தது. அதன் கீழே குடியேற்றத் திட்டங்களும் வயலும் வாய்க்காலும் பள்ளிக்கூடங்களும் இருந்தன. ஆனால் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி எல்லாமே யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடக்கம். அந்தக் காலத்தில் கரைச்சிப் பக்கத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள் என்று தேடுகிறவருக்கு யாழ்ப்பாணம் என்ற ஒரே வரிதான் கிடைக்கும். அந்த வரிக்குள் சுண்டிக்குளியும் வண்ணார்பண்ணையும் இருக்கின்றன, பரந்தனும் அக்கராயனும் இருக்கின்றன. பிரித்தெடுக்க வழியில்லை.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஒரு பிள்ளை என்ன படிக்கும், எவ்வளவு படிக்கும், தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்பதைப் பாதி முடிவுசெய்தவை கொழும்பில் போட்ட சில கோடுகள்தான். அந்தக் கோடுகளின் வரலாற்றை எங்கள் பிள்ளைகள் அறியவேண்டும்.

வன்னி தன்னைப் பற்று என்னும் சிறு பிரிவுகளாகவே எண்ணிவந்த நிலம். பனங்காமப்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, தென்னமரவடி என்று ஒல்லாந்தர் பதிவுகளிலேயே இந்தப் பெயர்கள் வருகின்றன. ஆங்கிலேயர் 1833இல் மாகாணங்களை வகுத்தபோது எல்லாம் வட மாகாணத்துக்குள் போயின. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னியைப் பற்றி எழுதிய பெரிய கைநூல், தலைப்பிலேயே வவுனியா, முல்லைத்தீவு என்ற இரண்டு மாவட்டங்களைத்தான் வன்னி என்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலருக்கு அதுவே கைவிளக்கு. கரைச்சி அந்தத் தலைப்புக்கு வெளியே நின்றது. இன்றைக்கும் தேர்தல் வந்தால் கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான் வாக்களிக்கிறோம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது.

காணி, வரி, வாக்கு என்பவற்றுக்காகப் போட்ட இந்தக் கோடுகள் 1970களில் படிப்புக்குள் நுழைந்தன. முதலில் வந்தது மொழிவாரித் தரப்படுத்தல். 1971 அளவில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227 போதும். அது எங்கள் இளைஞரின் மனத்தில் போட்ட காயத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் யாழ்ப்பாணத்தின் இழப்பைச் சொல்லுகிறார்கள். அது உண்மையான இழப்பு, மறுக்கமாட்டேன். ஆனால் அந்த இழப்புக்குள்ளே இன்னொன்று மறைந்துகிடக்கிறது.

சனத்தொகைப்படி மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பங்கிட்டார்கள். 1971 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் பேர். இன்றைய முல்லைத்தீவின் பெரும்பகுதியையும் உள்ளடக்கியிருந்த வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர், அதாவது நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வவுனியாவுக்குக் கிடைத்தது சில இடங்கள்தான். என்றாலும் அதற்கு முன் விஞ்ஞானப் பீடங்களின் வாசலையே காணாத பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. அதேவேளை முறிகண்டியை அண்டி ஓடிய மாவட்டக் கோட்டுக்கு வடக்கே, இரணைமடு வயலில் வெட்டுக்கு நின்றுவிட்டு வந்து விளக்கில் படித்த பிள்ளை யாழ்ப்பாண மாவட்டப் பிள்ளை. ஆய்வுகூடமும் நூலகமும் தனியார் வகுப்பும் உள்ள பட்டணத்துப் பிள்ளைக்கும் அதற்கும் ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கிய இடங்களுக்கு உதவவென்று கொண்டுவந்த திட்டத்தில் வன்னியின் ஒரு பாதி முன்னேறிய மாவட்டமாக எண்ணப்பட்டது. கிளிநொச்சி தனி மாவட்டமாகும்வரை, பத்து வருடம், அப்படித்தான் நடந்தது. அந்தப் பத்து வருடத்துப் பிள்ளைகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

பிறகு விகிதங்கள் மாறின. 1979 முதல் 30 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு முறை வந்து, பின்னர் அது 40, 55, 5 ஆயிற்று. இதைத் தமிழ்நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 1921 வகுப்புவாரி ஆணையிலிருந்து இட ஒதுக்கீடு பிறந்த சமூகத்தை வைத்து நடந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியதும் அரசியலமைப்பையே திருத்தினார்கள். இங்கே நாங்கள் படித்த இடத்தை வைத்துப் பிரித்தோம். பிறப்பை மாற்றமுடியாது, இடத்தை மாற்றலாம். அதனால்தான் வெளி மாவட்டத்துப் பெற்றோர் பிள்ளையை வன்னிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பரீட்சை எழுதவைக்கும் வழக்கம் வந்தது. அதைத் தடுக்கக் கடைசி மூன்று வருடம் எங்கே படித்தது என்று பார்க்கும் விதியும் வந்தது.

மாவட்டக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எங்கள் பள்ளிக்கூடங்கள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று நான்கு வகை. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு இருப்பது 1ஏபியில் மட்டும். 1சியில் கலையும் வர்த்தகமும். நான் படிப்பித்த 1சி பள்ளிக்கூடமொன்றில் ஒரு பிள்ளை சாதாரணதரக் கணிதத்தில் ஏ எடுத்துவிட்டுக் கலைப்பிரிவில் இருந்தது. கணிதப் பிரிவு கேட்டு விண்ணப்பித்தோம். அது 1ஏபி அல்ல, உயர்தரக் கணித ஆசிரியரைத் தரமுடியாது என்றார்கள். 1ஏபி ஆக்கச் சொல்லிக் கேட்டோம். அதற்கு அந்த ஆசிரியர்கள் இருக்கவேண்டும் என்றார்கள். பட்டணத்துக்குப் போகக் காலையில் ஒரு பஸ், அதுவும் மழைக்கு வராது. பிள்ளை கலைப்பிரிவிலேயே முடித்தது. அதற்குக் கணிதம் வராது என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. வகைதான் சொன்னது.

மனத்துக்குள் போகும் கோடு இன்னும் பொல்லாதது. உயர்தர வகுப்பில் ஒரு பெடியனிடம், இன்னும் இரண்டு கடந்தகால வினாத்தாள் செய்துவா என்றேன். “ரீச்சர், நாங்கள் பின்தங்கின மாவட்டந்தானே, எங்களுக்கு இவ்வளவு காணும்” என்றான். அவன் கெட்டிக்காரன். வெட்டுப்புள்ளி எவ்வளவென்று கணக்குப் பார்த்து அந்த அளவுக்கு மட்டும் படித்தான். கம்பஸுக்குப் போனபிறகு கோட்டாவில் வந்தவன் என்ற பேச்சையும் கேட்டிருப்பான். கோட்டா தவறென்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாவிட்டால் போரில் நாலைந்து தரம் இடம்பெயர்ந்து, மரத்தடியில் படித்த எங்கள் பிள்ளைகளில் பலர் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆகியிருக்கமாட்டார்கள். ஆனால் மாவட்டத்தின் பெயரில் கொடுக்கிற உதவி, மாவட்டத்துக்குள்ளே வவுனியா நகரத்துப் பிள்ளைக்கும் நெடுங்கேணிப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது. 1974இல் யாழ்ப்பாணத்துக்குள் கரைச்சி மறைந்ததுபோல, இன்று நகரத்துக்குள் கிராமம் மறைகிறது.

யாரை யாரோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பது சின்ன விஷயமல்ல. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைக் கணித்தார்கள். அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அதை ரத்துச்செய்து திரும்பக் கணிக்கச் சொல்லவேண்டி வந்தது.

அட்டவணையில் இல்லாத வன்னி எங்கே இருக்கிறது என்றால், பள்ளிக்கூடச் சேர்விடாப்பில் இருக்கிறது. தடித்த அட்டை, சிவப்பு மையில் கோடு. சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், முன்பு படித்த பாடசாலை, விலகிய காரணம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. 1977 கலவரத்துக்குப் பின்னான பக்கங்களில், முன்பு படித்த பாடசாலை என்ற இடத்தில் மலையகத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் பெயர்கள் வரிசையாக வரும். 1911 குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வேறாக எண்ணப்பட்ட இரண்டு சனமும் அந்தப் பக்கத்தில் ஒரே பட்டியலில் ஒரே கையெழுத்தில் இருக்கிறார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னான பக்கங்களில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள். 1996க்குப் பிறகு விலகிய காரணம் என்ற இடத்தில் இடப்பெயர்வு, இடப்பெயர்வு, இடப்பெயர்வு.

1981க்கும் 2012க்கும் இடையில் எங்கள் மண்ணில் முழுமையான குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. கிளிநொச்சி என்ற மாவட்டம் குடிசன மதிப்பீட்டில் முதன்முதல் இடம்பிடித்தது 2012இல், 1,13,510 பேருடன். இடையில் போன முப்பது வருடத்தை யாராவது எழுதவேண்டுமென்றால் இந்த இடாப்புகளை விட்டால் வேறு கதியில்லை. பல இடாப்புகள் 2009 போரில் போய்விட்டன. மிச்சம் அலுமாரிகளில் கறையான் தின்னக் கிடக்கின்றன.

2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேட்கிறேன்: மாவட்ட அட்டவணையை வைத்து ஆய்வு எழுதுமுன் உங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்விடாப்பைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். அதிபர்மாரே, கேட்டு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். பரீட்சைப் பெறுபேற்றை மாவட்டவாரியாக மட்டும் வெளியிடாமல் பள்ளிக்கூட வகைவாரியாகவும் கல்விக் கோட்டவாரியாகவும் வெளியிடும்படி கல்வி அதிகாரிகளைப் பெற்றோர் ஒன்றுசேர்ந்து கேட்கவேண்டும்.